கடைந்து நான்காம் நாள் விரிசல்: பூவரசுக் கிண்ணத்துக்கு என்ன ஆயிற்று?

கிண்ணக்காரன் (திருச்சி) · ஆகஸ்ட் 9, இரவு 10.20

எல்லோருக்கும் வணக்கம். ஆடிக் காற்றில் எங்கள் தெருமுனைப் பூவரசு சாய்ந்தது. வெட்டிப் போட்ட துண்டுகளில் இரண்டை ஆட்டோவில் ஏற்றி வந்தேன். அடுப்புக்கா என்று ஆட்டோக்காரர் கேட்டார். கிண்ணம் கடைய என்றதும் என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு வாடகையைக் கூட்டிக்கொண்டார்.

மர லேத் (மரத்தைச் சுற்றவிட்டுக் கடையும் இயந்திரம்) வாங்கி மூன்று மாதம்தான் ஆகிறது. இதுவரை பூரிக்கட்டை, பம்பரம், மெழுகுவர்த்தித் தண்டு என்று ஒல்லியான உருப்படிகளே கடைந்திருக்கிறேன். இதுதான் முதல் கிண்ணம். எட்டு அங்குல அகலம். ஈர மரம் வெண்ணெய் போல வந்தது. சீவல் நாடா நாடாகப் பறந்து தோளில் விழுந்தது, முகத்தில் சாறு தெளித்தது. நடுவே சாக்லேட் நிறம், ஓரம் வெளிர். உப்புத்தாளை 400ஆம் எண் வரை போட்டு, பாலிஷ் அடித்து, அக்கா வீட்டுக் கண்ணாடி அலமாரியில் கொண்டுபோய் வைத்தேன்.

நான்காம் நாள் இரவு இரண்டு மணிக்கு அலமாரிக்குள் ‘டப்’ என்று சத்தம். திருடன் என்று நினைத்து அக்கா வீட்டு விளக்கையெல்லாம் போட்டிருக்கிறார். கிண்ணம் விளிம்பிலிருந்து அடிவரை பிளந்துகிடக்கிறது. சுண்டுவிரல் நுழைகிறது. மரம் கெட்டதா, பாலிஷ் கெட்டதா, நான் கெட்டேனா? பசையும் தூளும் கலந்து அடைத்துவிடலாமா?

மரத்தூள் (புதுச்சேரி) · ஆகஸ்ட் 9, இரவு 10.51

அடைக்காதீர்கள், இன்னும் பிளக்கும். மூன்று கேள்விகள். மரத்தின் நடுத்தண்டு, அதாவது வளையங்களெல்லாம் சுற்றி நிற்கும் அந்தப் புள்ளி, கிண்ணத்தில் எங்கே இருந்தது? விளிம்பின் கனம் எவ்வளவு, அடியின் கனம் எவ்வளவு? என்ன வேகத்தில் ஓட்டினீர்கள்?

கிண்ணக்காரன் · ஆகஸ்ட் 9, இரவு 11.05

நடுப்புள்ளி கிண்ணத்தின் அடியில், நட்ட நடுவில். கண் போல அழகாக இருந்தது, அதற்காகவே அங்கே வைத்தேன். விளிம்பு 6 மில்லிமீட்டர் இருக்கும். அடி ஓர் அங்குலத்துக்குக் கொஞ்சம் மேலே. ஓட்டை விழுந்துவிடுமோ என்ற பயம். வேகம் 1,800 சுற்று. பம்பரத்துக்கு அதில்தான் ஓட்டினேன், நன்றாக வந்தது.

இரும்பு_லேத் (கோவை) · ஆகஸ்ட் 10, காலை 6.30

முப்பது வருடமாக இரும்பு கடைகிறவன் நான், மரத்தைப் பற்றிப் பேச எனக்கு அருகதை இல்லை. கணக்குப் பேசலாம் அல்லவா? எட்டு அங்குலக் கிண்ணம் நிமிடத்துக்கு 1,800 சுற்று சுற்றினால் அதன் விளிம்பு மணிக்கு ஏறத்தாழ 69 கிலோமீட்டரில் போகிறது. எடை சமமில்லாத ஈரக்கட்டை, நான்கு மரத் திருகாணியில் தொங்குகிறது, எதிரே உங்கள் முகம். விரிசல் அலமாரிக்குள் விழுந்ததற்கு உங்கள் குலதெய்வத்துக்குப் பொங்கல் வையுங்கள்.

மரத்தூள் · ஆகஸ்ட் 10, காலை 9.15

இரும்பு அண்ணா சொன்னதை அப்படியே ஒப்புக்கொள்கிறேன். கிண்ணம் கடைகிறவர்கள் கைக்கணக்காக ஒன்று வைத்திருக்கிறார்கள்: விட்டத்தை அங்குலத்தில் எடுத்து, சுற்று எண்ணிக்கையால் பெருக்கினால் 6,000க்கும் 9,000க்கும் இடையில் வர வேண்டும். எட்டு அங்குலத்துக்கு 750 முதல் 1,100 வரை. அதுவும் கட்டை உருண்டை ஆன பிறகு. கோணல் கட்டையை லேத்தின் ஆகக் குறைந்த வேகத்தில் தொடங்கி, நடுக்கம் நிற்க நிற்க ஏற்ற வேண்டும். முகக் கவசம் போட்டீர்களா என்று கேட்கவில்லை, பதில் எனக்குப் பிடிக்காது என்று தெரியும்.

இனி விரிசல். பச்சை மரத்தில் தண்ணீர் இரண்டு இடத்தில் இருக்கிறது. செல்லின் பொந்துக்குள் கிடப்பது ஒன்று, செல்லின் சுவரிலேயே ஊறியிருப்பது மற்றொன்று. பொந்துத் தண்ணீர் போகும்வரை மரத்தின் அளவு மாறாது. ஈரம் 30 விழுக்காட்டை ஒட்டி இறங்கும்போது சுவரில் ஊறியது கிளம்புகிறது. அங்கே தொடங்குகிறது சுருக்கம். அது எல்லாப் பக்கமும் ஒரே அளவாக இருந்தால் கிண்ணம் சற்றே சின்னதாகும், வேறு ஒன்றும் ஆகாது. வளையத்தை ஒட்டிய திசையில் சுருங்குவது, நடுவிலிருந்து பட்டையை நோக்கிய திசையில் சுருங்குவதைப் போல ஏறத்தாழ இரண்டு பங்கு. நீளவாக்கில் அநேகமாகச் சுருக்கமே கிடையாது.

உங்கள் கிண்ணத்தில் வளையங்கள் முழுசாக, வட்டமாக, நடுப்புள்ளியைச் சுற்றி நின்றன. ஒவ்வொரு வளையமும் தன் சுற்றளவைக் குறைக்கப் பார்க்கிறது. உள்ளே இருக்கும் மரம் அந்த அளவுக்குக் குறைந்து இடம் கொடுப்பதில்லை. இடுப்பை மீறி இறுக்கிய அரைஞாண் கயிறு என்ன ஆகும்? ஓர் இடத்தில் அறுந்துதான் தீரும். அதுதான் இரவு இரண்டு மணிக்கு நடந்தது.

அடி ஓர் அங்குலம், விளிம்பு கால் அங்குலம் என்பது அடுத்த தவறு. விளிம்பு இரண்டே நாளில் காய்ந்து சுருங்கத் தொடங்கிவிட்டது. அடி அப்போதும் பச்சை, நகர மறுத்தது. திருச்சிக் காற்று வேறு; அது மரத்தை உலர்த்துவதில்லை, வறுக்கிறது.

எனவே அடுத்த கட்டையை நீளவாக்கில், நடுப்புள்ளி வழியாகவே இரண்டாகப் பிளந்துவிடுங்கள். பிளந்த இரு பக்கத்திலும் அந்த நடுத்தண்டை ஒட்டி ஒரு விரல் மொத்தம் சீவி எறியுங்கள். மீதி இரண்டு பாதியும் இரண்டு கிண்ணம்.

அம்பை_கடைசல் · ஆகஸ்ட் 10, பிற்பகல் 2.40

மரம் கெடவில்லை. காயாத மரத்திடம் வட்டம் கேட்டீர்கள், அது கொடுக்கவில்லை. அவ்வளவுதான்.

கிண்ணக்காரன் · ஆகஸ்ட் 10, இரவு 8.00

மரத்தூள் அக்கா, இவ்வளவு விளக்கமாக எழுதியதற்கு நன்றி. அம்பை ஐயா, அப்படியானால் காய்ந்த மரத்தில்தான் கடைய வேண்டுமா? ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு வருடம் என்கிறார்கள். மூன்று அங்குலக் கட்டைக்கு மூன்று வருடம் காத்திருப்பதா?

அம்பை_கடைசல் · ஆகஸ்ட் 11, காலை 7.10

தம்பி, எங்கள் அப்பா அம்பாசமுத்திரத்தில் சொப்புச் சாமான் கடைந்தவர். அடுப்பு, ஆட்டுக்கல், குடம், இட்லிச் சட்டி எல்லாம் கட்டைவிரல் உயரத்தில். அந்தக் காலத்தில் மஞ்சள் கடம்பு. பிறகு தேக்குத் துண்டு, ரப்பர் மரம், யூகலிப்டஸ் என்று கிடைத்ததையெல்லாம் போட்டார்கள். எந்த மரமானாலும் காய வைக்காமல் உளியைத் தொடவிட மாட்டார். பட்டையை உரித்து, நிழலில், காற்று நடமாடும் இடத்தில் அடுக்குவார். பக்கத்தில் யாராவது நடந்து இடித்தால்கூடத் திட்டுவார்.

காரணம் மூடி. சொப்புச் சாமானில் பாதி உருப்படிக்கு மூடி உண்டு. மூடியைக் கையில் எடுத்தால் பாத்திரமும் கூடவே அரை விரற்கடை தூக்கிக்கொண்டு வந்து, பிறகு ‘ப்ளக்’ என்று விட வேண்டும். அந்தச் சத்தம் வராத உருப்படியை அப்பா கடைக்கு அனுப்பியதில்லை. ஈர மரத்தில் அந்தச் சத்தம் ஒரு நாள் வரும், மறுநாள் வராது.

காலக் கணக்கு கேட்டீர்கள். நரசிங்கம்பேட்டையில் நாகஸ்வரம் கடைகிறவர்களைப் போய்ப் பாருங்கள். ஆச்சா மரம். அதுவும் புதிதாக அறுத்த ஆச்சா வேண்டாம் என்பார்கள். பழைய வீட்டை இடிக்கும்போது வரும் தூண், உத்தரம், நிலை இவற்றைத் தேடி வாங்குவார்கள். ஒரு தலைமுறை கூரையைத் தாங்கி, இனி அசையப்போவதில்லை என்று நின்றுபோன மரம். அந்த நாகஸ்வரத்துக்குத்தான் 2022இல் புவிசார் குறியீடு கொடுத்தார்கள். உங்கள் பூவரசு ஆடியில் விழுந்தது, ஆவணிக்குள் கிண்ணம் கேட்கிறீர்கள்.

மரத்தூள் · ஆகஸ்ட் 11, காலை 10.30

ஐயா சொல்வது மூடி போட்ட பெட்டிக்கு வேதவாக்கு. கிண்ணத்துக்கு வேறொரு வழியும் இருக்கிறது, உலகம் முழுக்க அதைத்தான் செய்கிறார்கள்: இரண்டு முறை கடைவது. பச்சையாக இருக்கும்போதே தடிமனாகக் கடைந்து வைத்துவிட வேண்டும். சுவரின் கனம் விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு. எட்டு அங்குலக் கிண்ணத்துக்கு 20 மில்லிமீட்டர், விளிம்பிலும் அடியிலும் ஒரே சீராக. இழையின், அதாவது மரத்தின் நார் ஓட்டத்தின், வெட்டுமுகம் தெரியும் இடங்களில் மெழுகு தடவுங்கள், தண்ணீர் அங்கேதான் குழாய் வாய் போல வேகமாக வெளியேறும். கடைந்த சீவலையே ஒரு காகிதப் பைக்குள் போட்டு அதில் கிண்ணத்தைப் புதைத்து, கட்டிலுக்கு அடியில் தள்ளுங்கள். வாரம் ஒருமுறை எடுத்துத் தராசில் வைத்து, எடையை அதன் மேலேயே பென்சிலால் எழுதுங்கள். எடை இறங்குவது நின்றுவிட்டால் காய்ந்துவிட்டது என்று பொருள். அதற்குள் கிண்ணம் முட்டை வடிவமாகியிருக்கும். மறுபடி லேத்தில் மாட்டி, அந்தக் கோணலைச் சீவி வட்டமாக்கி, மெல்லிய சுவராக முடிக்கலாம். 20 மில்லிமீட்டர் விட்டதே அந்தக் கோணலைச் சீவ இடம் வேண்டும் என்பதற்காகத்தான்.

மூன்று வருடம் மூன்று மாதமாகிவிடும்.

பூவரசைப் பற்றி ஒரு வார்த்தை. நம் ஊரில் மாட்டுவண்டி, மேசை, பீப்பி ஊத இலை என்று அதோடு நிறுத்திவிட்டோம். இதே மரம் ஹவாய்த் தீவுகளிலும் கடலோரம் நிற்கிறது, ‘மிலோ’ என்பார்கள். அங்கே பழங்காலந்தொட்டே உணவுக் கிண்ணம் குடையும் மரங்களில் அது ஒன்று. தெருமுனையில் உங்களுக்குக் கிடைத்தது அப்படிப்பட்ட சரக்கு.

இரும்பு_லேத் · ஆகஸ்ட் 11, மாலை 6.05

‘அந்தக் கோணலைச் சீவி’ என்று படித்ததும் எனக்கு மயக்கம் வந்தது. நாங்கள் ஒரு மில்லிமீட்டரில் நூறில் இரண்டு பங்கு கோணல் வந்தால் உருப்படியைத் தூக்கிப் போடுகிறவர்கள்.

மாத்தளை_வாசகன் (இலங்கை) · ஆகஸ்ட் 12, இரவு 9.00

சொப்புச் சாமான் என்று படித்ததும் எழுதத் தோன்றியது. எங்கள் மாத்தளைப் பக்கம் ஹப்புவித என்றொரு கிராமம் இருக்கிறது. சிங்களக் கைவினைஞர்கள் கடைந்த தண்டின் மேல் அரக்கு வேலை செய்கிறார்கள். அரக்கைச் சூடாக்கி நூல் போல இழுத்து, மரத்தின் மேல் ஒட்டி, கட்டைவிரல் நகத்தால் கிள்ளிக் கிள்ளிக் கோலம் போடுவார்கள். நகம்தான் கருவி. நகம் உடைந்தால் அன்றைக்கு வேலை இல்லையாம். அம்பை ஐயா, உங்கள் பக்கம் அரக்கை எப்படி ஏற்றுவார்கள்?

அம்பை_கடைசல் · ஆகஸ்ட் 13, காலை 7.25

நகத்தால் யாரும் செய்து நான் பார்த்ததில்லை. எங்கள் முறை சுற்றும் மரத்தில் நேரே தேய்ப்பது. அரக்கை உருக்கி, சாயம் சேர்த்து, இழுத்து மடித்து இழுத்து மடித்துக் குச்சியாக்கி வைத்துக்கொள்வோம். மரம் சுற்றும்போது குச்சியை அழுத்தினால் உரசும் சூட்டிலேயே இளகி ஒட்டும். முதலில் திட்டுத் திட்டாகத்தான் இருக்கும். அதன் மேல் தாழை மடலை மடித்து அழுத்திப் பிடிக்க வேண்டும். திட்டெல்லாம் உருகிச் சமமாகப் பரவி, முகம் பார்க்கலாம் போல மின்னும். அழுத்தம் குறைந்தால் பரவாது, கூடினால் அரக்கு கருகிவிடும். அது கைக்குத்தான் தெரியும், எழுதிச் சொல்ல வராது.

மரத்தூள் · ஆகஸ்ட் 13, காலை 11.00

கர்நாடகத்தில் சென்னபட்டணத்திலும் இதே தாழை மடல்தான். பத்து வருடம் முன்பு அங்கே ஒரு வாரம் தங்கிக் கற்றுக்கொண்டேன். மரம் வெட்பாலை, வெள்ளை வெளேரென்று, இழை தெரியாமல், தந்தம் போல இருக்கும். ஆந்திரத்தின் ஏடிகொப்பாகாவிலும் அதே வெட்பாலை, அதே அரக்கு. சாயம் மட்டும் விதை, பட்டை, வேரிலிருந்து எடுப்பதை மறுபடி கொண்டுவந்திருக்கிறார்கள். குழந்தை வாயில் வைத்தாலும் பயமில்லை.

அங்கே நான் கண்ட ஒன்றைச் சொல்ல வேண்டும். வண்ணம் ஏற்றிய பின் கழற்றிப் பார்த்தால் மரம் எங்கே முடிகிறது, அரக்கு எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. கடையில் வாங்கும் பளபளப்பு வார்னிஷ் மரத்துக்குச் சட்டை போட்டது போல இருக்கும், அரக்கு அதன் தோல் மாதிரி. ஆனால் சூடான காபிக் கோப்பையை அரக்கின் மேல் வைத்தால் வெள்ளை வட்டம் விழும். கிண்ணக்காரரே, சாப்பிடுவதற்கான கிண்ணம் என்றால் எண்ணெயோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

சாக்சனித்_தமிழன் (ஜெர்மனி) · ஆகஸ்ட் 16, மாலை 4.45

ஈர மரத்தைக் குறையாகவே பேசுகிறீர்கள், ஒரு சாட்சி சொல்ல வந்தேன். நான் இருக்கும் இடத்திலிருந்து செக் எல்லையை நோக்கிப் போனால் எர்ட்ஸ்கெபிர்கே மலைத்தொடரில் சைஃபென் என்ற ஊர். பித்தளைப் பாத்திரத்துக்கு உள்ளே பூசும் வெள்ளீயத்தை வெட்டி எடுத்த ஊர் அது. சுரங்கம் நொடித்ததும் மக்கள் மரத்துக்கு மாறினார்கள். தாதுவை இடித்த அதே ஓடைத்தண்ணீர் லேத்தைச் சுற்றியது.

அங்கே ‘வளையக் கடைசல்’ என்று ஒரு வித்தை, 1800ஐ ஒட்டித் தோன்றியது. ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரத்தின் அடிமரத்தைக் குறுக்கே அறுத்த பெரிய வில்லை ஒன்றை எடுத்துக்கொள்வார்கள். தண்ணீரில் ஊறிக் கிடந்த, சொட்டச் சொட்ட ஈரமான வில்லை. ஈரமாக இருந்தால்தான் வெடிக்காது, உளிக்கும் இதமாக இருக்கும். கடைகிறவர் அதைச் சுற்றவிட்டு ஒரு பக்கத்தில் ஏதேதோ பள்ளம் எடுக்கிறார். திருப்பி மாட்டி மறுபக்கம் ஏதேதோ மேடு விடுகிறார். பார்க்கிறவனுக்கு அது வெறும் மர மோதிரம், வண்டிச் சக்கரத்துக்குப் பிறந்த குழந்தை போல. பிறகு ஒரு கத்தியை வைத்துச் சுத்தியலால் தட்டிக் கேக் வெட்டுவது போலப் பிளக்கிறார். வெட்டிய முகத்தில் ஒரு குதிரை நிற்கிறது! அடுத்த தட்டில் இன்னொரு குதிரை. மோதிரம் முழுக்கக் குதிரை. முதலில் கடைந்த பக்கம் கால்களும் வயிறும், இரண்டாவது பக்கம் முதுகும் தலையும்.

குதிரை வருகிறதா என்று கடைகிறவர் நடுவில் பார்க்கவே முடியாது. பிளந்தால்தான் தெரியும். பிளந்த பிறகு திருத்தவும் முடியாது. இழை காலின் நீளவாக்கில் ஓடுவதால் அந்தத் தீக்குச்சிக் கால்கள் ஒடிவதில்லை. யோசித்துச் செய்தார்களா, விழுந்து விழுந்து கண்டுபிடித்தார்களா தெரியாது, எனக்கு அன்று சாப்பாடே மறந்துபோயிற்று.

இரும்பு_லேத் · ஆகஸ்ட் 16, மாலை 5.30

முப்பது வருடத்தில் ‘ப்ரொஃபைல்’ (வெட்டுமுக வடிவம்) என்ற சொல்லை ஆயிரம் முறை சொல்லியிருப்பேன். அதற்குள் ஒரு குதிரை இருக்கும் என்று யாரும் சொல்லித் தரவில்லை.

கிண்ணக்காரன் · ஆகஸ்ட் 24, இரவு 9.10

பிளந்து, நடுவை எறிந்து, இரண்டு பாதி எடுத்துவிட்டேன். ஒரு பாதியைத் தடிமனாகக் கடைந்து கட்டிலுக்கு அடியில் வைத்தாயிற்று. முதல் எடை 1,340 கிராம். வேகம் 600இல் தொடங்கினேன், முகக் கவசமும் போட்டேன்.

ஒரு சிக்கல். உள்பக்கம் குடையும்போது உளி இரண்டு முறை மரத்தைக் கடித்துவிட்டது. இரண்டாவது முறை லேத்தே நின்றுபோயிற்று, கை மரத்துவிட்டது. சுவரில் கீறல் கீறலாக இழை பிய்ந்தும் இருக்கிறது.

மரத்தூள் · ஆகஸ்ட் 24, இரவு 9.48

கடித்தது கூரிலா முதுகிலா? உளியின் கூருக்குப் பின்னால் சாணை பிடித்த சரிவு இருக்கிறதே, அது எப்போதும் மரத்தை உரசிக்கொண்டிருக்க வேண்டும். முதலில் அந்த முதுகு படட்டும், அப்போது வெட்டு விழாது. பிறகு பிடியை மெல்ல மெல்ல உயர்த்தினால் கூர் தானாக வந்து மரத்தைத் தொடும். முதுகின் தாங்கல் இல்லாமல் கூர் மட்டும் பட்டால் அதை மரம்தான் ஓட்டும், நீங்கள் ஓட்ட முடியாது.

பிய்வது வேறு கதை. பூனையைத் தடவுவது போலத்தான். வெளிப்பக்கத்தை அடியிலிருந்து விளிம்பை நோக்கியும், உள்பக்கத்தை விளிம்பிலிருந்து அடியை நோக்கியும் வெட்டினால் இழை படியும். மாற்றி வெட்டினால் சிலிர்த்துக்கொள்ளும். கடைசிச் சுற்றுக்கு முன்பு சாணைக்குப் போய் வாருங்கள். நான் ஒரு கிண்ணத்துக்கு ஐந்தாறு முறை போகிறேன்.

இரும்பு_லேத் · ஆகஸ்ட் 25, காலை 6.40

உளி தாங்கும் கட்டையை எவ்வளவு தள்ளி வைத்தீர்கள்? தாங்கலைத் தாண்டி நீட்டிய உளி ஒரு பக்கம் பிடித்த கம்பி மாதிரி. நீட்டம் இரண்டு பங்கானால் வளைவு எட்டுப் பங்காகும். கிண்ணம் ஆழமாக ஆழமாகத் தாங்கலையும் உள்ளே கொண்டுபோக வேண்டும். இதில் மரமும் இரும்பும் ஒரே சாதி.

சாக்சனித்_தமிழன் · ஆகஸ்ட் 25, இரவு 11.30

மற்றப் பாதியை என்ன செய்யப் போகிறீர்கள்? ஒரு யோசனை சொல்கிறேன், அம்பை ஐயா கோபிக்கக் கூடாது. அதை ஒரே மூச்சில், ஈரமாகவே, 4 மில்லிமீட்டர் சுவராகக் கடைந்து முடித்துவிடுங்கள். நடுத்தண்டு இல்லை, சுவர் மெல்லியது, எங்கும் ஒரே கனம். அப்படிப்பட்ட கிண்ணம் வெடிக்காது, வளையும். விளிம்பில் பட்டையை அப்படியே விட்டால் இன்னும் அழகு. அது எந்த வடிவத்துக்குப் போக விரும்புகிறதோ அதற்கு விட்டுவிடுங்கள்.

அம்பை_கடைசல் · ஆகஸ்ட் 26, காலை 7.00

கோபம் இல்லை. கோணிப்போன கிண்ணத்துக்குப் பெயர் கோணிப்போன கிண்ணம். அதைக் கலை என்று மேசையில் வைத்தால் நான் கைதட்ட மாட்டேன். மேசையில் ஆடாமல் உட்காரவில்லை, மூடி போட முடியாது, குழம்பு ஊற்ற முடியாது. கடைசல்காரன் வேலையை முடித்துவிட்டேன் என்று சொன்ன பிறகும் மரம் வேலை செய்துகொண்டிருந்தால், முடித்தது யார்?

மரத்தூள் · ஆகஸ்ட் 26, பகல் 12.20

ஐயாவிடம் இந்த ஓர் இடத்தில் மட்டும் மோதுகிறேன். எந்தப் பக்கம், எவ்வளவு வளையும் என்பதைக் கட்டையை அறுக்கும்போதே கணித்துவிடலாம். வளையத்தின் திசையில் அதிகம் சுருங்கும், எனவே இழைக்குக் குறுக்கே கிண்ணம் ஒடுங்கும். பாதிக்கட்டையை எந்தப் பக்கம் பார்க்க வைக்கிறோம் என்பதைப் பொறுத்து விளிம்பு மேலே தூக்கும் அல்லது கீழே தொங்கும். தெரிந்தே வைத்தால் அது கடைசல்காரரின் முடிவுதான், அவர் இல்லாத நேரத்தில் நிறைவேறுகிறது, அவ்வளவே. சைஃபென் குதிரையும் அவர் பார்க்காதபோதுதானே வந்தது?

அமெரிக்காவில் டேவிட் எல்ஸ்வொர்த் என்றொருவர். விரல் நுழையும் அளவு வாய் மட்டும் விட்டு, வளைந்த உளியால் உள்ளே முழுக்கக் குடைந்து, முட்டை ஓடு போன்ற சுவரோடு பானைகள் செய்தார். உளியின் முனை கண்ணுக்குத் தெரியாது. சத்தத்தையும் கைக்கு வரும் அதிர்வையும் வைத்துத்தான் சுவர் எவ்வளவு மெலிந்தது என்று தெரிந்துகொள்வது. 1986இல் அங்கே மரக் கடைசல்காரர்கள் சங்கம் தொடங்கியபோது முதல் தலைவரும் அவர்தான். அந்தப் பானைகளில் யாரும் தண்ணீர் ஊற்றுவதில்லை, அருங்காட்சியகத்தில் வைக்கிறார்கள்.

அம்பை_கடைசல் · ஆகஸ்ட் 26, மாலை 6.15

சத்தத்தை வைத்துக் கடைவது என்றால் அவர் கடைசல்காரர்தான். ஒப்புக்கொள்கிறேன். அப்பாவும் கண்ணை மூடிக்கொண்டுதான் மூடியின் உள்வாயை எடுப்பார். தண்ணீர் ஊற்றாத பானையைப் பற்றி என் கருத்து மாறவில்லை.

நீங்கள் வெளிநாட்டுக்காரரைச் சொன்னதால் நானும் ஒருவரைச் சொல்கிறேன், மகன் கணினியில் காட்டினான். இங்கிலாந்தில் ஜார்ஜ் லெய்லி. மின்சாரம் கிடையாது. வளைந்த கழி, கயிறு, கால்மிதி, இவ்வளவுதான் லேத். ஒரே எல்ம் மரக் கட்டையிலிருந்து கிண்ணத்துக்குள் கிண்ணமாக அடுக்கடுக்காக எடுத்திருக்கிறார். 1958இல் இறந்தார், லேத் இப்போது ரெடிங் ஊர் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. அவர் செய்த கிண்ணங்களில் மனிதர்கள் சாப்பிட்டார்கள்.

மட்டுறுத்துநர் · ஆகஸ்ட் 26, இரவு 8.00

‘கலையா, பாத்திரமா’ என்ற விவாதத்துக்கு இந்த மன்றத்தில் ஏற்கெனவே பதினோரு உரையாடல் இழைகள் இருக்கின்றன. இங்கே கிண்ணக்காரரின் பூவரசோடு நிற்கலாமே.

இரும்பு_லேத் · செப்டம்பர் 7, காலை 6.20

கொஞ்சம் வழி மாறுகிறேன். எல்ஸ்வொர்த் செய்தியைப் படித்த பிறகு தூக்கம் வரவில்லை. பழைய ஷாஃப்ட் ஒன்றை வளைத்து, முனையில் சின்ன ஹைஸ்பீடு ஸ்டீல் துண்டைப் பொருத்தி, குடையும் உளி ஒன்று செய்திருக்கிறேன். வளைத்த பிறகும் கூர் பிடிக்கு நேர்கோட்டில் வருமாறு பார்த்துக்கொண்டேன், இல்லாவிட்டால் கையை முறுக்கிவிடும். மரத்தூள் அம்மா முகவரி அனுப்பினால் பார்சல் போடுகிறேன். காசு வேண்டாம். ஒரு பானை செய்து படம் போடுங்கள்.

சீமைக் கருவேலம் கடையலாமா? எங்கள் பட்டறைக்குப் பின்னால் காடாக நிற்கிறது.

மரத்தூள் · செப்டம்பர் 7, காலை 9.30

அண்ணா, என்ன சொல்வது என்றே தெரியவில்லை. தனிமடலில் அனுப்புகிறேன்.

சீமைக் கருவேலத்தை ஊரே சபிக்கிறது, கடைசல்காரர்கள் மட்டும் கும்பிட வேண்டும். அதன் நெருங்கிய உறவுக்காரியை டெக்ஸஸில் ‘மெஸ்கீட்’ என்று தேடிப் பிடித்துக் கடைகிறார்கள். சுருக்கம் மிகக் குறைந்த மர வகை அது. செம்பழுப்பு நிறம், கல் போன்ற கனம். ஈரமாகக் கடைந்தாலும் பெரிதாகக் கோணாது. முள்ளையும் பூச்சி துளைத்த இடங்களையும் கவனித்துக்கொண்டால் போதும். கரி மூட்டம் போடுகிறவர்களிடம் எடைக்குக் கிடைக்கும். வாகை கிடைத்தால் மட்டும் மூக்கைக் கட்டிக்கொண்டு அறுங்கள், அதன் தூள் நாள் முழுக்கத் தும்ம வைக்கும்.

கிண்ணக்காரன் · நவம்பர் 21, இரவு 9.35

மூன்று மாதத்துக்குப் பிறகு வருகிறேன், மன்னிக்கவும். கணக்கு முடிப்பு, தீபாவளி, அப்புறம் மழை.

கட்டிலடிக் கிண்ணத்தின் மேல் பென்சில் எண்கள் இவை: 1,340, 1,195, 1,090, 1,020, 975, பிறகு 940, 925, 918, 918. நவம்பர் முதல் வாரத்தில் திரும்பக் கடைந்தேன். ஒரு பக்கம் 203 மில்லிமீட்டர், மறுபக்கம் 195 ஆகியிருந்தது. சீவிச் சரிசெய்து 7 மில்லிமீட்டர் சுவராக முடித்தேன். எண்ணெய் மட்டும். அக்கா அதில் வெற்றிலை பாக்கு வைக்கிறார். இரவு இரண்டு மணிக்கு இதுவரை சத்தம் ஒன்றும் இல்லை.

மற்றப் பாதியைச் சாக்சனி நண்பர் சொன்னபடி பட்டையோடு, மெல்லியதாக, ஈரமாகவே கடைந்தேன். ஒரே வாரத்தில் இரண்டு பக்கமும் தூக்கிக்கொண்டு, நடு தாழ்ந்து, பரிசல் போல ஆகிவிட்டது. மேசையில் ஆடுகிறது. அம்மா அதைக் கையில் எடுத்துப் பார்த்து, ‘இதற்குள் என்ன வைப்பது?’ என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. அலமாரியில் அதை மட்டும் யார் வந்தாலும் எடுத்துப் பார்க்கிறார்கள்.

அம்பை ஐயாவுக்காக ஒன்று. பிளந்த அதே பூவரசின் கிளைத்துண்டு ஒன்றை ஆகஸ்டிலேயே பட்டை உரித்து நிழலில் வைத்திருந்தேன். அதில் மூன்று அங்குல உயரத்தில் மூடி போட்ட ஒரு சொப்பு கடைந்தேன். மஞ்சள் அரக்கு, நடுவே சிவப்பு வளையம் இரண்டு. தாழை மடலுக்கு முக்கொம்பு வரை போய் வந்தேன். முதல் இரண்டு முறை கருகியது. படம் இணைத்திருக்கிறேன்.

மாத்தளை_வாசகன் · நவம்பர் 21, இரவு 10.02

பரிசல் எனக்கு. யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள்.

அம்பை_கடைசல் · நவம்பர் 22, காலை 6.50

அரக்கு பரவாயில்லை. சிவப்பு வளையம் இரண்டும் ஒரே அகலமில்லை, பழகினால் வரும். மூடியைத் தூக்கினால் சத்தம் வருகிறதா?

கிண்ணக்காரன் · நவம்பர் 22, காலை 7.15

வருகிறது ஐயா! அலுவலகத்தில் எல்லோருக்கும் தூக்கிக் காட்டிவிட்டேன். ஆனால் மழை பிடித்த நாட்களில் மூடி ஒரு பக்கமாக இறுகிக்கொள்கிறது, திருகித்தான் எடுக்க வேண்டியிருக்கிறது.

அம்பை_கடைசல் · நவம்பர் 22, காலை 7.20

கிளை இன்னும் அடங்கவில்லை. இப்போது உளியை வைத்துவிடாதீர்கள். பங்குனி வரட்டும், மூடியின் உள்வாயில் ஒரு மயிரிழை மட்டும் எடுங்கள். அதற்குள் இன்னொரு கிளையை உரித்து நிழலில் போட்டு வையுங்கள்.